பகை நாட்டில் பாசம் சம்பாதித்த பந்தாட்டக்காரர்

1949-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் சாலையின் இரு புறமும் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். பெரியவர்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

நாலு வருஷங்களுக்கு முன்புதான் அந்த நகரம் எரிந்து சாம்பலாகியிருந்தது. 1945 மார்ச் மாதத்தில் ஒரே இரவில், அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளால் அங்கே சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். பிறகு ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. தோற்றுப்போன ஜப்பானை அமெரிக்கப் படை ஆண்டுகொண்டிருந்தது.

அப்படிப்பட்ட ஊரில், மோட்டாரில் வந்த ஓர் அமெரிக்கரைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம்! அவர் மந்திரி இல்லை. படைத் தளபதி இல்லை. சினிமா நடிகரும் இல்லை. அவர் ஒரு பந்தாட்டக்காரர். வயது 52. பெயர் லெப்டி ஓடூல்.

குண்டு போட்ட நாட்டுக்காரரைக் குண்டு விழுந்த நாட்டார் எதற்காக வரவேற்றார்கள்? இதைத் தெரிந்துகொள்ள, அவருடைய கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.

கசாப்புக்காரர் மகன்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பெரிய துறைமுகம் சான்பிரான்சிஸ்கோ. அந்த ஊரில் மாடு, ஆடு வெட்டும் கொட்டடிகள் நிறைந்த ஒரு பேட்டை இருந்தது. அங்கே 1897-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி ஓடூல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பிரான்சிஸ் ஜோசப். தகப்பனார் கசாப்புத் தொழில் செய்பவர். பையனும் சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு அதே தொழிலில் இறங்கினான்.

பையனுக்கு இடது கைப் பழக்கம். ஆங்கிலத்தில் லெப்ட் என்றால் இடது. இடது கையால் பந்து எறிபவர்களை அமெரிக்காவில் லெப்டி என்று செல்லமாக அழைப்பது வழக்கம். அந்தச் செல்லப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை இருந்தார். பையன்களின் பந்தாட்டக் கோஷ்டிக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார். எப்படிப் பந்து எறிவது, எப்படி அடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று ஓடூலுக்கு முதலில் கற்றுக் கொடுத்தவர் அந்த அம்மாள்தான். பெரிய ஆட்டக்காரராகப் பெயர் வாங்கிய பிறகும் அந்த நன்றியை அவர் மறக்கவில்லை.

பேஸ்பால் என்பது என்ன?

அவர் ஆடியது பேஸ்பால் என்ற ஆட்டம். நம் ஊரில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கிரிக்கெட்டைப் போல இதிலும் ஒருவர் பந்தை எறிகிறார். ஒருவர் மட்டையால் அடிக்கிறார். ஆனால் மட்டை தட்டையாக இராது. உலக்கையைப் போல உருண்டையாக இருக்கும். எறியும் பந்து தரையில் படாமலே வரும்.

மைதானத்தில் நாலு மூலைகளில் நாலு இடங்கள் உண்டு. அவற்றுக்குப் பேஸ் என்று பெயர். பந்தை அடித்தவர், எதிரிகள் அதை எடுத்து எறிவதற்குள் முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிட்டால் அது ஒரு நல்ல அடி என்று கணக்கு. பத்து முறை ஆடி மூன்று முறை அப்படி அடித்தாலே அவர் கெட்டிக்கார ஆட்டக்காரர். ஏழு முறை தோற்றவரைக் கெட்டிக்காரர் என்று கொண்டாடும் ஆட்டம் இது!

எல்லாவற்றிலும் முக்கியமானவர் பந்து எறிபவர். மைதானத்தின் கோடியில் மூன்று பேர் நிற்பார்கள். தூரத்தில் போகும் பந்தை ஓடிப் பிடிப்பது அவர்கள் வேலை. ஓடூல் முதலில் பந்து எறிபவராக வந்தார். பிறகு கோடியில் நிற்பவராக ஆனார். ஏன் அப்படி ஆனார் என்பதில்தான் அவருடைய வாழ்க்கையே இருக்கிறது.

தோள் கெட்டது

1917-ல் சான்பிரான்சிஸ்கோவின் சீல்ஸ் என்ற கோஷ்டி அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. 1919-ல் நியூயார்க் யாங்கீஸ் என்ற பெரிய கோஷ்டியில் இடம் கிடைத்தது. ஊரே மெச்சியது. ஆனால் அங்கே அவரை அதிகம் ஆட விடவில்லை. பெஞ்சியில் உட்கார்ந்தபடியே காலம் போயிற்று. இடது தோளில் வலி வேறு கண்டது.

மறுபடி சொந்த ஊருக்கு வந்தார். 1921-ல் சீல்ஸ் கோஷ்டிக்காக 25 ஆட்டங்களை வென்று கொடுத்தார். திரும்பவும் நியூயார்க் அழைத்தது. அங்கிருந்து பாஸ்டன் நகரக் கோஷ்டிக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்காவில் ஒரு கோஷ்டி தன் ஆட்டக்காரரை இன்னொரு கோஷ்டிக்குக் கைமாற்றிவிடலாம். அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. அந்நாளில் அதுதான் சட்டம்.

1923-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி கிளீவ்லண்ட் கோஷ்டியுடன் ஆட்டம். ஓடூல் எறிந்த பந்துகளை எதிரிகள் துவைத்து எடுத்தார்கள். ஒரே சுற்றில் அவர் 13 ஓட்டங்கள் கொடுத்தார். ஒரு முழு ஆட்டத்தில் நாலைந்து ஓட்டங்கள் எடுப்பதே பெரிது. 13 என்றால் அவமானம்தான். அன்று பாஸ்டன் 27-க்கு 3 என்று தோற்றது.

அந்த வருஷத்தோடு பெரிய கோஷ்டிகள் அவரைக் கைவிட்டன. அப்போது அவருக்கு 26 வயது. தோள் போயிற்று. பந்து எறிவதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

27 வயதில் பால பாடம்

மற்றவர்களாக இருந்தால் கசாப்புக் கடைக்கே திரும்பியிருப்பார்கள். ஓடூல் யோசித்துப் பார்த்தார். தோள்தான் கெட்டது. கண் இருக்கிறது. கால் இருக்கிறது. மட்டை பிடிக்கும் மணிக்கட்டு இருக்கிறது. எறிய முடியாவிட்டால் அடிக்கலாமே!

1924-ல் சால்ட்லேக் என்ற மலைப் பிரதேச நகரத்தின் கோஷ்டியில் சேர்ந்தார். அது சிறிய கோஷ்டி. மைதானத்தின் கோடியில் நின்று பந்து பிடித்தார். முறை வந்தபோது மட்டை பிடித்தார். 27-வது வயதில், ஆரம்பப் பள்ளி மாணவனைப் போல, அடிக்கும் வித்தையை ஒவ்வொன்றாகப் பயின்றார். காலை எங்கே வைப்பது, உடலை எப்போது திருப்புவது, எந்தப் பந்தை விடுவது, எந்தப் பந்தை அடிப்பது என்று பார்த்துப் பார்த்துக் கற்றார்.

அடுத்த வருஷம், 1925-ல், 309 நல்ல அடிகள் அடித்தார். 1927-ல் சொந்த ஊரான சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்து அந்த லீகிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார்.

பிறவியிலேயே ஆட்டம் வாய்த்தவர்களுக்குத் தாங்கள் எப்படி ஆடுகிறோம் என்று சொல்லத் தெரியாது. பாடுகிறவருக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தெரியுமா? ஓடூல் வளர்ந்த பிறகு, தவறித் தவறிக் கற்றவர். ஆகவே எங்கே தவறு நேரும், அதை எப்படித் திருத்துவது என்பது அவருக்கு மனப்பாடம். பிற்காலத்தில் அவர் சிறந்த ஆசானாக விளங்கியதற்கு இதுவே காரணம்.

ஓர் அடி குறைந்தது

1928-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கோஷ்டி அவரை அழைத்தது. பெரிய ஆட்டத்துக்குத் திரும்பியபோது வயது 31. பல ஆட்டக்காரர்கள் ஓய்வை நினைக்கத் தொடங்கும் வயது அது. ஒரே வருஷத்தில் அந்தக் கோஷ்டி அவரைப் பிலடெல்பியாவுக்குத் தள்ளிவிட்டது.

பிலடெல்பியாவில், 1929-ம் ஆண்டில், ஓடூல் சாதனை செய்தார். 638 முறை மட்டை பிடித்து 254 நல்ல அடிகள் அடித்தார். ஆயிரத்துக்கு 398 வீதம். அமெரிக்காவில் பெரிய லீகுகள் இரண்டு. அவற்றில் தேசிய லீகில் ஒரே வருஷத்தில் அவ்வளவு அடிகளை அதற்கு முன் யாரும் அடித்ததில்லை. மறு வருஷம் பில் டெர்ரி என்பவர் அதே 254-ஐத் தொட்டார். அதைத் தாண்டியவர் அந்த லீகில் இதுவரை இல்லை.

ஆயிரத்துக்கு 400 என்பது பேஸ்பாலில் மகா கீர்த்தியான எண். இன்னும் ஒரே ஓர் அடி அடித்திருந்தால் ஓடூலுக்கு அந்த எண் கிடைத்திருக்கும். அந்த ஒன்று கிடைக்கவில்லை.

இவ்வளவு அடித்தும் ஒரே இடத்தில் அவரை இருக்க விடவில்லை. 1931-ல் புரூக்ளின் கோஷ்டிக்கு மாற்றினார்கள். 1932-ல் ஆயிரத்துக்கு 368 வீதம் அடித்து அந்த லீகின் முதல் அடிகாரர் ஆனார். மறு வருஷமே திரும்பவும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு மாற்றினார்கள். 1933-ன் உலகப் பந்தயத்தில் அவருக்கு ஒரே ஒரு முறைதான் மட்டை பிடிக்க வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஒரு முறையில் அடித்து, இரண்டு ஓட்டங்களைக் கொண்டு வந்தார். அவருடைய கோஷ்டி கோப்பையை வென்றது.

1934-ல் அவர் பெரிய ஆட்டத்திலிருந்து விலகினார். மொத்தக் கணக்கு ஆயிரத்துக்கு 349. பேஸ்பால் சரித்திரத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் அது ஒன்று.

கப்பல் ஏறினார்

1931-ம் ஆண்டின் கடைசியில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் சிலர் ஜப்பானுக்குப் பிரயாணம் போனார்கள். அவர்களில் ஓடூலும் ஒருவர்.

ஜப்பானியருக்கு பேஸ்பால் புதிதில்லை. 1872-ம் ஆண்டு வாக்கில் டோக்கியோவில் பாடம் நடத்திய ஓர் அமெரிக்க ஆசிரியர் அதை அங்கே அறிமுகம் செய்தார். ஜப்பானியர் அதற்கு யாக்யூ என்று பெயர் வைத்தார்கள். மைதானப் பந்து என்று அர்த்தம். பள்ளிக்கூடங்களிலும் காலேஜுகளிலும் அது தீயாகப் பரவியது. ஆனால் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட கோஷ்டி எதுவும் 1931-ல் அங்கே இல்லை.

அமெரிக்கர்கள் ஆடிய ஆட்டங்களை எல்லாம் வென்றார்கள். ஓடூலுக்கு மட்டும் ஒரு மோதலில் விலா எலும்பு முறிந்தது. அடிபட்ட ஊரை அவர் வெறுக்கவில்லை. அந்த ஜனங்கள் மீது அவருக்குப் பிரியம் பிறந்துவிட்டது. ஆட்டம் முடிந்த பிறகும் போகாமல் காத்திருந்து, நுணுக்கங்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்ட மாணவர்களை அவர் கண்டார். சால்ட்லேக் மைதானத்தில் 27 வயதில் மட்டை பிடித்து நின்ற தன்னையே அவர்களிடம் கண்டார் என்று சொல்லலாம்.

மறு வருஷமே திரும்பிப் போனார். இந்தத் தடவை ஆடுவதற்காகப் போகவில்லை. பாடம் சொல்லப் போனார். அமெரிக்காவில் அப்போதுதான் முதல் அடிகாரர் பட்டம் வாங்கியிருந்தார். அந்தப் பட்டத்தோடு வந்தவர், டோக்கியோவின் ஆறு சர்வகலாசாலை மாணவர்களுக்கு அடிக்கும் வித்தையைக் கற்றுக் கொடுத்தார். பந்து எறிவதை டெட் லயன்ஸ் சொல்லிக் கொடுத்தார். பந்து பிடிப்பதை மோ பெர்க் சொல்லிக் கொடுத்தார்.

இந்த மோ பெர்க் கதை விசித்திரமானது. 1934-ல் அவர் மறுபடி ஜப்பானுக்கு வந்தபோது, ஒரு டோக்கியோ ஆஸ்பத்திரியின் மாடியில் ஏறி நகரத்தைச் சினிமாப் படம் எடுத்துக்கொண்டார். பின்னால் யுத்தத்தின்போது அமெரிக்க உளவு ஸ்தாபனத்தில் சேர்ந்தார். ஒரே கப்பலில் போன இருவரில் ஒருவர் உளவாளி ஆனார். மற்றவர் நண்பராகவே இருந்தார்.

17 வயதுப் பையன்

1934 நவம்பரில் அமெரிக்காவின் மகா வீரரான பேப் ரூத் ஜப்பானுக்கு வந்தார். அவரை வரவழைத்தவர் யோமியூரி என்ற பத்திரிகையின் அதிபர் ஷோரிகி. ரூத்தைச் சம்மதிக்க வைப்பதில் ஓடூலுக்கும் பெரிய பங்கு உண்டு. டோக்கியோவின் கின்ஸா வீதியில் லட்சக்கணக்கான ஜனங்கள் நெருக்கியடித்து நின்று ரூத்தைப் பார்த்தார்கள்.

நவம்பர் 20-ந் தேதி ஷிஸுவோகா என்ற ஊரில் ஓர் ஆட்டம். ஜப்பான் பக்கம் பந்து எறிய வந்தவர் ஐஜி ஸவாமுரா. வயது 17. அமெரிக்காவின் நாலு பெரிய வீரர்களை அந்தப் பையன் வரிசையாக வீழ்த்தினான். அவர்களில் பேப் ரூத்தும் ஒருவர்! கடைசியில் அமெரிக்கா வென்றது. வித்தியாசம் ஒரே ஓர் ஓட்டம். தோற்ற பையனை ஜப்பான் முழுவதும் தோளில் வைத்துக் கொண்டாடியது.

அந்த வருஷக் கடைசியில் ஷோரிகி, சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு நிரந்தரக் கோஷ்டியை அமைத்தார். ஸவாமுராவும் அதில் சேர்ந்தார். 1935-ல் அந்தக் கோஷ்டி அமெரிக்காவுக்கு வந்து 100-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியது. அதன் ஜப்பானியப் பெயர் நீளமானது. அமெரிக்கர் வாயில் நுழையவில்லை. டோக்கியோ ஜயன்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னவர் ஓடூல். தாம் ஆடிய நியூயார்க் கோஷ்டியின் பெயரையே அதற்குக் கொடுத்தார். அந்தப் பெயர் நிலைத்தது.

ஆனால் காலம் கெட்டுக்கொண்டிருந்தது. 1935 பிப்ரவரியில் தீவிரவாதி ஒருவன் ஷோரிகியைக் கத்தியால் வெட்டினான். அந்நியரைப் புனித மைதானத்தில் ஆட விட்டார் என்பதும் அவர்மீது சொன்ன குற்றங்களில் ஒன்று. ஷோரிகி எப்படியோ உயிர் பிழைத்தார்.

சொந்த ஊரில் வாத்தியார்

அதே 1935-ல் ஓடூல் சான்பிரான்சிஸ்கோ சீல்ஸ் கோஷ்டியின் மானேஜர் ஆனார். பேஸ்பாலில் மானேஜர் என்றால் கணக்கு வழக்குப் பார்ப்பவர் இல்லை. ஆட்டக்காரர்களைப் பழக்குவதும், யார் எப்போது ஆடவேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர் வேலை.

முதல் வருஷத்தில் ஜோ டிமாஜியோ என்ற மீனவர் வீட்டு இளைஞர் அவரிடம் இருந்தார். டிமாஜியோ அந்த வருஷம் ஆயிரத்துக்கு 398 வீதம் அடித்தார். குருவின் 1929-ம் ஆண்டுக் கணக்கும் அதேதான்! பிறகு அவர் நியூயார்க் போய் அமெரிக்கா முழுவதும் புகழ் பெற்றார். ஓடூலோ அந்தப் பெருமை தமக்கு வேண்டாம் என்றார். பையனைக் கெடுக்காமல் விட்டதுதான் தாம் செய்த உபகாரம் என்பது அவர் கருத்து.

மறு வருஷம் எதிர்க் கோஷ்டியில் ஆடிய டெட் வில்லியம்ஸ் என்ற ஒல்லிப் பையன் அவரிடம் யோசனை கேட்டு வந்தான். யார் என்ன சொன்னாலும் உன் அடியை மாற்றிக்கொள்ளாதே என்பதுதான் அவர் சொன்ன புத்திமதி. எதிரிக்குச் சொல்லலாமா என்று அவர் பார்க்கவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த அடிகாரர்களில் ஒருவராக விளங்கியவர் அந்தப் பையன்.

எல்லோரையும் அப்படி விட்டுவிடவும் முடியாது. பந்து வருவதற்குள் அவசரப்பட்டு முன்னால் பாய்வது சிலருடைய பழக்கம். அவர்கள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, பாயும்போது பின்னால் இருந்து இழுப்பார் ஓடூல். நாலு நாளில் பழக்கம் மாறிவிடும். எவனைத் திருத்த வேண்டும், எவனைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டிசம்பர் 7

1941-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி. ஜப்பானிய விமானங்கள் பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கத் துறைமுகத்தைத் திடீரென்று தாக்கின. சுமார் 2,400 அமெரிக்கர்கள் மாண்டார்கள். இரண்டு நாடுகளுக்கும் யுத்தம் மூண்டது.

ஓடூலின் மனம் உடைந்தது. தாம் போய்ப் பழகிய தேசம், தாம் பாடம் சொன்ன பிள்ளைகள், இப்போது எதிரிகள். சான்பிரான்சிஸ்கோவில் இருந்த ஜப்பானியக் குடும்பங்களை அமெரிக்க சர்க்கார் வீட்டை விட்டு அப்புறப்படுத்தி முகாம்களில் அடைத்தது. ஜப்பானில் பேஸ்பாலில் வழங்கிய ஆங்கில வார்த்தைகளைக் கூடாது என்று ஒழித்தார்கள்.

பேப் ரூத்தை வீழ்த்திய ஸவாமுரா என்ன ஆனார்? அவரைப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். கையெறி குண்டுகளை வீசி வீசி அவருடைய தோள் கெட்டது. பந்து எறியும் வேகம் போய்விட்டது. 1944-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அவர் பயணம் செய்த கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. அதில் அவர் இறந்தார்.

தோள் கெட்ட பிறகு ஓடூல் புது வாழ்வு தொடங்கிய வயது 27. தோள் கெட்ட பிறகு ஸவாமுரா கடலில் மாண்ட வயதும் 27. ஒருவருக்குக் கிடைத்த அந்த இரண்டாவது வாய்ப்பு மற்றவருக்குக் கிடைக்காமல் போயிற்று. யுத்தம் அதைப் பறித்துவிட்டது.

பன்ஸாய்!

யுத்தம் முடிந்து நாலு வருஷங்கள் ஆயின. ஜப்பானில் பசியும் துயரமும் தீரவில்லை. ஆளும் படையின் தலைவர் மக்ஆர்தர். ஜனங்களின் மனத்தைத் தேற்ற ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, ஓடூலையும் அவருடைய சீல்ஸ் கோஷ்டியையும் வரவழைக்கலாம் என்று முடிவாயிற்று. 1949 அக்டோபரில் அவர்கள் டோக்கியோவில் வந்து இறங்கினார்கள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த கூட்டம் அப்போது கூடியதுதான்.

கூட்டம் பெரிதுதான். ஆனால் ஓடூலின் கண் வேறொன்றையும் பார்த்தது. அந்த முகங்களில் பழைய களை இல்லை. ஜப்பானியர் சந்தோஷத்தில் கூவும் வார்த்தை பன்ஸாய். நீடூழி வாழ்க என்று அர்த்தம். முன்பெல்லாம் அவரைக் கண்டால் அப்படித்தான் கூவுவார்கள். இப்போது அவரே பன்ஸாய் என்று உரக்கக் கூவிப் பார்த்தார். பதில் குரல் எழவில்லை. யுத்தக் காலத்தில் சக்கரவர்த்தியின் பெயரால் வீரர்கள் கூவிக்கொண்டு சாகப்போன வார்த்தையல்லவா அது? வாய் திறக்க அவர்களுக்குத் தயக்கமாக இருந்தது.

கொராகுவென் மைதானத்தில் முதல் ஆட்டம். எதிரே ஆடியது, ஓடூல் பெயர் வைத்த அதே ஜயன்ட்ஸ் கோஷ்டி. அமெரிக்கக் கொடியோடு ஜப்பானியக் கொடியும் ஏறியது. இரு நாட்டுக் கீதங்களும் ஒலித்தன. தோற்ற நாள் முதல் தங்கள் கொடியைப் பொது இடத்தில் அப்படிக் கண்டறியாத ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள்.

ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் தோற்றது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? ஊர் ஊராக ஆட்டம் நடந்தது. மொத்தம் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ அரண்மனைக்கு ஓடூலை அழைத்து நன்றி சொன்னார். ஓடூல் நாடு திரும்பும் நேரம் வந்தபோது, ஆரம்பத்தில் வராத அந்தக் குரல் எங்கும் எழுந்தது. பன்ஸாய், பன்ஸாய் என்று ஜப்பான் மறுபடி வாய்விட்டுக் கூவியது. இராஜதந்திரிகள் செய்ய முடியாததை ஒரு பந்தாட்டக் கோஷ்டி செய்துவிட்டது என்று மக்ஆர்தர் பாராட்டினார்.

புகழ் பெற்ற வீரர்கள் அதற்கு முன்பும் ஜப்பானுக்கு வந்தார்கள். ஆடினார்கள், கைதட்டல் வாங்கினார்கள், போனார்கள். ஓடூல் கற்றுக் கொடுத்தார். பாடம் சொன்னவரை மாணவன் மறப்பதில்லை. இடையில் ஒரு யுத்தமே வந்தாலும் மறப்பதில்லை என்பதை அந்தக் கூட்டம் காட்டியது.

மர்லின் மன்றோவும் வந்தார்

அதன் பிறகு அவர் அடிக்கடி ஜப்பான் போனார். 1951-ல் டிமாஜியோ உள்பட ஒரு கோஷ்டியை அழைத்துச் சென்றார். 1954-ல் டிமாஜியோவுக்கும் நடிகை மர்லின் மன்றோவுக்கும் கலியாணம் ஆனதும், புது மணத் தம்பதிகள் ஓடூல் தம்பதிகளோடு டோக்கியோ போனார்கள். அங்கிருந்து கொரியாவில் இருந்த அமெரிக்கப் படை வீரர்களுக்கு முன் பாட மன்றோ போனபோது, கூடத் துணைக்குச் சென்றவர் ஓடூலின் மனைவி ஜீன்.

சீல்ஸ் கோஷ்டியில் அவர் 17 வருஷம் மானேஜராக இருந்தார். பிறகு ஸாண்டியாகோ, ஓக்லண்ட், வாங்கூவர், சியாட்டில் என்று ஊர் ஊராக வேலை பார்த்தார். 2,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்று கொடுத்தார். பளிச்சென்ற பச்சை உடைதான் அவருக்குப் பிரியம். பச்சை உடை மனிதர் என்றே ஊரார் அழைத்தார்கள்.

1956-ல் வாங்கூவரில் ஒரு வேடிக்கை நடந்தது. மானேஜர் ஓடூல் தாமே மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். வயது 59! எல்லோரும் சிரித்தார்கள். வந்த பந்தைத் தூக்கி அடித்துவிட்டு மூன்றாவது பேஸ் வரையில் ஓடிச் சேர்ந்தார் கிழவர்.

அதே தேதி

1958-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஓர் உணவு விடுதி திறந்தார். விளையாட்டுக்காரர்கள் வந்து கூடும் இடமாக அது இருந்தது. 1969-ம் ஆண்டு, தம் 72-வது வயதில் காலமானார்.

அவர் இறந்த தேதி டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே தேதி. இரண்டு நாடுகளையும் பிரித்த அந்த நாளில், இரண்டு நாடுகளையும் சேர்த்தவர் கண்ணை மூடினார். கல்லறையில் அவர் பெயரோடு ஒரு மட்டையும் பந்தும் செதுக்கப்பட்டிருக்கின்றன. சான்பிரான்சிஸ்கோவில் பேஸ்பால் மைதானத்தை ஒட்டிய பாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களுக்கு ஒரு புகழ் மண்டபம் உண்டு. 2021-ல் அவர் பெயரை அங்கே வைக்கலாமா என்று வோட்டெடுத்தபோது போதிய வோட்டு விழவில்லை. ஜப்பானிலும் அப்படி ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே 2002-லேயே அவரைச் சேர்த்துவிட்டார்கள். பிறந்த வீடு தயங்கியபோது புகுந்த வீடு மாலை போட்டது!

இன்னொரு விஷயம். இரு லீகுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே வருஷத்தில் அதிக அடிகள் அடித்த சாதனை 1920 முதல் ஜார்ஜ் சிஸ்லர் என்பவரிடம் இருந்தது. அவர் கணக்கு 257. எண்பத்து நாலு வருஷங்கள் யாரும் அதைத் தாண்டவில்லை. 2004-ல் ஒருவர் 262 அடித்துத் தாண்டினார். அவரும் ஓடூலைப் போலவே இடது பக்கம் நின்று அடிப்பவர். அவர் ஆடியது சியாட்டில் நகரத்துக்காக. ஓடூல் கடைசியாக மானேஜராக இருந்ததும் அதே ஊரில்தான்.

அவர் பெயர் இச்சிரோ ஸுஸுகி. ஜப்பான் தேசத்தவர்.